பேசி முடிக்கும்வரை: அத்தியாயம் 17

"அக்கா, லைனை வெட்டாதை."

"தம்பி, மூண்டு நிமிஷம் முடிஞ்சுது. பின்னாலை சுப்பவைசர் நிக்கிறார்."

"கேற்றடியிலை ஆக்கள் வந்திட்டினம். நீ வெட்டினால் நான் பேந்து ஆரைக் கூப்பிடுறது? கொஞ்சம் நில்லக்கா."

"அரசாங்க அலுவலுக்கு மட்டும்தான் இனி லைனாம். நான் பேந்து எடுக்கிறன் யோகன். இப்ப வை."

"வெட்டாதை அக்கா."

பத்மாதேவி வெட்டினாள். தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் பலகையிலிருந்து வயரை இழுத்த அந்த வலக்கைதான் இன்று காலை புட்டுக்குத் தேங்காய்ப்பூ தூவிக்கொண்டிருந்தது. நடுவில் இருபத்து நான்கு வருடங்கள் போய்விட்டன.

யோகேந்திரன் சாகவில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் பின்மதிலால் குதித்துக் காலை முறித்துக்கொண்டான். அகதி முகாம், கப்பல், யாழ்ப்பாணம் என்று போய்க் கடைசியில் கனடாவில் கரையேறினான். இன்றும் இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறான். சமாதான காலத்தில் ஒருமுறை கண்டிக்கு வந்து பத்து நாள் நின்றான். அந்த அழைப்பைப் பற்றி அவன் ஒரு சொல் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை.

அந்த ஆடியோடு பத்மாதேவி வேலையை விட்டாள். தொலைபேசியையும் விட்டாள். வீட்டில் மணி அடித்தால் வேறு யாராவதுதான் எடுக்கவேண்டும்.

இன்னொன்றும் அன்றோடு நின்றுபோனது. தம்பி கேட்டால் இல்லை என்று சொல்வது. கோண்டாவில் வளவைக் கேட்டான், எழுதிக்கொடுத்தாள். மூத்த மகன் மகேந்திரராசாவை அனுப்பச் சொன்னான், பதினேழு வயதில் விமானம் ஏற்றிவிட்டாள். இப்போது மகளைக் கேட்கிறான். ரொறன்ரோவில் மாப்பிள்ளை, ஆவணியில் சென்னையில் கல்யாணம். மண்டபத்துக்குச் சொல்ல இன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு எடுப்பதாகச் சென்ற வாரமே சொல்லிவிட்டான்.

சத்தியபாமாவுக்கு அந்த அழைப்பின் கதை தெரியாது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. அம்மா போன் எடுக்கமாட்டா என்பது, அம்மா கத்தரிக்காய் சாப்பிடமாட்டா என்பதைப்போல, அவளுக்கு வீட்டு வழக்கங்களில் ஒன்று.

"அம்மா, பின்னேரம் மாமாவுக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டாள், சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டே.

"அவன் கேக்கிறான். பிறகென்ன?"

"எனக்கு விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"இஞ்சை இருந்து என்ன செய்யப்போறாய்? ரோட்டாலை போனால் மறிக்கிறான். கதவு தட்டுப்பட்டால் நெஞ்சு இடிக்குது. அங்கை போனால் நிம்மதி."

இவ்வளவையும் அம்மா புட்டுப்பானையைப் பார்த்துத்தான் சொன்னாள். தன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதைச் சத்தியா கவனித்தாள்.

"இண்டைக்கு உது வேலை செய்து காட்டினால் எனக்கு இஞ்சை வேலை இருக்கு. மாமாவுக்கு நானே சொல்லுவன்."

"முதல் வேலை செய்யட்டும்" என்றாள் பத்மாதேவி.

'உது' என்றது கூடத்துக் கதிரையில் போர்வை சுற்றி வைத்திருந்த கணினியை. பார்வைக்குச் சாதாரண மேசைக் கணினி, அதுவும் பழையது. உள்ளே தொலைபேசி வயர்கள் கொளுவும் இரண்டு கார்டுகள் இருந்தன. அதை ஓட்டுவது அஸ்டெரிஸ்க் என்ற மென்பொருள். இணையத்தில் யாரும் எடுக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கலாம், தன் தேவைக்குத் திருத்தலாம். எந்த அழைப்பு எந்த அறைக்குப் போகவேண்டும் என்று ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிவைத்தால், அந்தப் பழைய பெட்டி ஒரு தொலைபேசி நிலையமாகிவிடும்.

கண்டி வாவிக்கு மேலேயுள்ள தனியார் வைத்தியசாலையின் தொலைபேசி நிலையம் ஒன்பது நாட்களுக்கு முன் மின்னல் அடித்துக் கருகிப்போனது. வரவேற்பு மேசையில் ஒரேயொரு லைன்தான் மிச்சம், அதுவும் எந்த நேரமும் எங்கேஜ். முகாமையாளர் எக்கநாயக்க சத்தியாவுக்கு ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தார். இன்று, புதன்கிழமை, மாலை ஐந்து மணிவரை. சரிவந்தால் வைத்தியசாலையின் தொலைபேசிப் பொறுப்பு முழுவதும் அவளுடையது. சரிவராவிட்டால் வியாழக்கிழமை கொழும்புக் கம்பனியின் பெட்டிக்குக் கையெழுத்து.

*

மணிக்கூட்டுக் கோபுரத்தடிச் சோதனைச் சாவடியில் முச்சக்கர வண்டியை மறித்தார்கள்.

"என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டான் பொலிஸ்காரன், போர்வையைத் தடியால் தூக்கிப் பார்த்து.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்" என்றாள் சத்தியா.

சொன்ன பிறகுதான், இந்த யுத்த காலத்தில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கியது. அடையாள அட்டையை வாங்கினான். பிறந்த இடம் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். அம்மா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்குப் போனதற்கு மகள் இருபத்தொன்பது வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவள் வைத்தியசாலையின் கடிதத்தைக் காட்டினாள். பொறுப்பதிகாரி வந்து வாசித்தார். உண்மையா என்று பார்க்க அதிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தார். எங்கேஜ். மறுபடி அழைத்தார். எங்கேஜ்.

"ஏன் இவர்கள் போன் எடுப்பதில்லை?"

"அவர்களுடைய எக்ஸ்சேஞ்ச் இந்த வண்டிக்குள் இருக்கிறது, சேர்."

அதிகாரி அவளை ஒருகணம் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததா என்று சத்தியாவால் சொல்லமுடியாது. ஒரு கான்ஸ்டபிளை வண்டியில் ஏற்றி, வைத்தியசாலைவரை போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

வைத்தியசாலை வாசலில் காத்திருந்த பஹ்மி, கணினிக்குப் பக்கத்தில் துவக்கோடு இறங்கிய கான்ஸ்டபிளைக் கண்டு வாயைப் பிளந்தான். அலவத்துகொடைக்காரன். டவுனில் கணினி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். இந்தப் பெட்டியும் அவன் கடையில் வாங்கியதுதான்.

"எக்ஸ்சேஞ்ச் என்டா சொன்னீங்க?" என்றான், கான்ஸ்டபிள் போன பிறகு. "கம்பியூட்டர் என்டு சொன்னா சும்மா உட்டிருப்பான்."

"பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"பொய் இல்ல, பாதி உண்மை. கைரியாவோட பன்னெண்டு வருஷமா நான் அப்படித்தானே குடும்பம் நடத்துற."

ஒன்பது மணிக்குத் தொடங்கவேண்டியது பத்தேகாலுக்குத்தான் தொடங்கியது. வரவேற்பு மேசைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் கணினியை வைத்தார்கள். வெளியிலிருந்து வரும் நான்கு லைன்களை ஒரு கார்டிலும், மாடிகளுக்குப் போகும் லைன்களை மற்றதிலும் கொளுவினான் பஹ்மி. சத்தியா விசைப்பலகையில் தட்டினாள். மூன்றாம் மாடியில் ஒரு போன் அடித்தது. தாதி எடுத்து "ஹலோ" என்றாள். ஒன்பது நாட்களுக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் அடித்த முதல் மணி அது.

சத்தியா கதிரையில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

*

பன்னிரண்டு மணிக்கு எக்கநாயக்க அறை வாசலில் வந்து நின்றார். குரலை உயர்த்தாதவர். அதனால்தான் அவரிடம் பயம்.

"மிஸ் சத்தியா, குண்டசாலையிலிருந்து ஒருவர் என் கைத்தொலைபேசிக்கு எடுத்தார். உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா வணக்கம் சொல்கிறார், உடனே வைத்துவிடுகிறார் என்கிறார். காலையிலிருந்து இப்படி எத்தனை?"

சத்தியா திரையைப் பார்த்தாள். ஒளிக்கமுடியாது. எல்லாம் அதில் பதிந்திருந்தது. "பதினொன்று, சேர்."

"என்ன காரணம்?"

"தெரியாது. கண்டுபிடிப்பேன்."

"ஐந்து மணிக்குள். இனி ஒரு முறைப்பாடு வந்தால் ஐந்து மணிவரை நானும் காத்திருக்கமாட்டேன்."

அவர் போய்விட்டார். சத்தியாவின் காது மடல்கள் சூடாகியிருந்தன. எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாசித்தாள். பிழை இல்லை. வீட்டில் ஒரு கிழமை சோதித்தது. அவளுடைய கைத்தொலைபேசி, பஹ்மியுடையது, அவன் கடைப் போன், எல்லாவற்றிலிருந்தும் எடுத்துப் பார்த்தது. பிறகெங்கே இடிக்கிறது?

"ஸ்பீக்கரைப் போடுங்கோ பஹ்மி. வாற அழைப்பெல்லாம் காதாலை கேப்பம்."

அந்த நேரத்தில்தான் பத்மாதேவி சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தாள்.

ஸ்பீக்கரில் முதலில் சிங்களம் கேட்டது. வரவேற்பு மேசை நில்மினியின் குரல். அடுத்து வந்தது பத்மாதேவியின் சொந்தக் குரல். சென்ற வாரம் தங்கள் கட்டுக்கலை வீட்டில், மைக்கைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு அவள் பேசிக்கொடுத்தது. மறுமுனையில் ஆளில்லாவிட்டால் தனக்குப் பயமில்லை என்று சொல்லிச் சம்மதித்தது.

"வணக்கம். தமிழில் பேச இரண்டை அழுத்துங்கள்."

"வணக்கமுங்கம்மா" என்றது ஓர் ஆண்குரல். "நான் மடுல்கெல்லயிலருந்து வீரய்யா பேசுறேங்க. எங்க வீட்டுக்காரி வேலாயிக்கு நேத்து அங்க கண்ணுல ஆப்பரேசன் பண்ணுனாங்க. எப்ப வந்து கூட்டிட்டுப் போறதுன்னு..."

"தமிழில் பேச இரண்டை அழுத்துங்கள்."

"தமிழ்லதானுங்களே பேசிக்கிட்டு இருக்கேன்."

டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்டது.

"இன்னும் கொஞ்ச நேரத்தில பஸ் போயிருமுங்க. இது மூணாவது தடவ கூப்புடுறேன். தயவுபண்ணி வச்சுராதீங்க..."

"உங்கள் அழைப்புக்கு நன்றி. வணக்கம்."

லைன் அறுந்தது.

கூடையைக் கீழே வைக்கப்போன பத்மாதேவியின் கை அப்படியே நின்றது.

"ஆர் வெட்டினது?"

"ஒருத்தரும் இல்லையம்மா. அதுவாத்தான். ஒண்டும் அழுத்தாட்டில் பத்து செக்கனிலை வைக்கச் சொல்லி எழுதினனான்."

"என்ர குரல் வெட்டிச்சுது."

சத்தியா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை.

"அந்த மனிசன் அழுத்தினவர் பிள்ளை. உனக்குக் கேக்கேல்லையோ? டக், டக் எண்டு ரெண்டு தரம். அது டயல் போன். அதிலை அழுத்துறதுக்கு என்ன கிடக்கு? விரலை விட்டுச் சுத்துறதல்லோ."

பஹ்மி நெற்றியில் அடித்துக்கொண்டான். "தோட்டத்துக் கடையில எல்லாம் இன்னும் அந்தக் கறுப்புப் போன்தான் ஈக்கி. நம்ம ரெண்டு பேரும் பட்டன் போன்லயே டெஸ்ட் பண்ணிட்டம்."

சத்தியாவுக்கு வெட்கமாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் எழும் ஒலிதான் இந்தக் கார்டுக்கு விளங்கும். சுழற்றும் போனின் டக் டக் அதன் காதில் விழாது. பதினொரு பேர். அவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுப் போனில் முடிந்ததைச் செய்திருக்கிறார்கள். அவளுடைய வரி அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறது.

வெட்கப்பட நேரமில்லை. அந்த வரியைத் தேடி அழித்தாள். ஒன்றும் அழுத்தாவிட்டால் வைக்காதே, இந்த அறைப் போனுக்கு அனுப்பு என்று புதிய வரியை எழுதினாள். கோப்பைத் திரும்ப வாசிக்கும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தாள்.

"இனி ஆளிட்டை வரும்."

"எந்த ஆளிட்டை?" என்றான் பஹ்மி.

நில்மினியின் மேசையில் வரிசை வாசல்வரை நின்றது. அவளுக்குத் தெரிந்த தமிழ் 'நாளைக்கு வாங்க' மட்டும். பஹ்மி இரண்டாம் மாடியில் அடிக்காத போனைப் பார்க்கப் போகவேண்டும். சத்தியா திரையை விட்டு எழும்பமுடியாது.

போன் அடித்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டாவது மணி. சத்தியா அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது மணி. பஹ்மி கையை நீட்டினான்.

"விடுங்கோ தம்பி" என்றாள் பத்மாதேவி.

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். மேசையிலிருந்த ஹெட்செட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "முந்தி உது ரெண்டு றாத்தல் இருக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு காதில் மாட்டினாள்.

"வணக்கம், வைத்தியசாலை. சொல்லுங்கோ."

"மறுபடி வச்சுராதீங்கம்மா."

"வைக்கமாட்டன் ஐயா. நீங்கள் சொல்லி முடிக்குமட்டும் வைக்கமாட்டன்."

சத்தியா கண்வார்ட்டின் இலக்கத்தைத் துண்டில் எழுதி நீட்டினாள். பத்மாதேவி அழுத்தினாள். தாதி சிங்களத்தில் பேச, இவளும் சிங்களத்தில் கேட்டாள். தயங்கவில்லை, சுருக்கமாக, அந்தக் காலத்துப் பலகைச் சிங்களத்தில். பிறகு வீரய்யாவிடம் திரும்பினாள்.

"மூண்டரைக்கு விடுவினமாம் ஐயா. நீங்கள் இப்ப பஸ் எடுத்தால் சரி. வெயிலுக்கு மறைக்க ஒரு குடை கொண்டுவாங்கோ."

"அவ சாப்புட்டாளாங்க?"

பத்மாதேவி திரும்பவும் வார்ட் லைனுக்குப் போனாள். திரும்பவும் வந்தாள். "சாப்பிட்டாவாம். பருப்பிலை உப்பில்லை எண்டு சண்டையாம்."

மறுமுனையில் வீரய்யா சிரித்தார். "அப்ப நல்லாத்தான் இருக்கா."

அவர் வைத்த பிறகுதான் பத்மாதேவி வைத்தாள். அடுத்த கணம் போன் மறுபடி அடித்தது.

*

மூன்று மணிக்குள் அவள் முன்னால் ஒரு கொப்பித் தாள் இருந்தது. எந்த வார்ட், எந்த இலக்கம், எந்த டொக்டர் எத்தனை மணிக்கு, எல்லாம் சின்ன எழுத்தில். சாப்பாடு கூடையிலேயே ஆறிக்கிடந்தது. அம்மாவின் முதுகு இவ்வளவு நேராக இருந்ததைச் சத்தியா முன்பு பார்த்ததில்லை.

"ஆன்டி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்றான் பஹ்மி.

"வாயை நிரப்பிக்கொண்டு கதைக்கேலாது தம்பி. வேலையிலை சேர்ந்த அண்டைக்கே அதைத்தான் சொல்லித்தந்தவை."

"அப்ப எனக்குத் தாங்க. புட்டு வீணாப் போகக்கூடாதே."

நான்கரைக்கு இரண்டாம் மாடிப் போன்களில் இரைச்சல் வந்தது. கார்டில் ஒரு அமைப்பை மாற்றவேண்டும். அதற்கு மென்பொருளை ஒருதரம் நிறுத்தித் தொடங்கவேண்டும். மூன்று லைன்களில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நிப்பாட்டினால் அந்த மூண்டு பேரும் என்ன ஆவினம்?" என்று கேட்டாள் பத்மாதேவி.

"அது நிப்பாட்டுற விதத்திலை இருக்கம்மா. உடனை நில் எண்டு அடிச்சால் எல்லாரும் அறுந்துபோவினம். இன்னொரு விதம் இருக்கு. மெதுவா நில் எண்டு அடிச்சால், புதுசா ஒருத்தரையும் எடுக்காது. கதைச்சுக்கொண்டிருக்கிற ஆக்கள் முடிக்குமட்டும் காத்திருந்து, பிறகு நிக்கும்."

"காத்திருக்குமோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"நேரக்கணக்கில்லை. அவை பேசி முடிக்குமட்டும்."

சத்தியா கட்டளையை அடித்தாள். திரையில் மூன்று என்றிருந்தது இரண்டானது. ஒன்றானது. பத்மாதேவி ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆள் ஏதோ மருந்துச்சீட்டைப் பற்றி ஆறுதலாக விசாரித்துக்கொண்டிருந்தார். பெட்டி காத்திருந்தது. அவர் வைத்தார். அது நின்றது. இரண்டு நிமிடத்தில் இரைச்சலில்லாமல் திரும்ப எழும்பியது.

"ஆர் பிள்ளை இப்பிடி எழுதினது?"

"ஆரெண்டு தெரியாதம்மா. எங்கையோ இருக்கிற ஆக்கள். கொஞ்சம் கொஞ்சமா எல்லாருமா எழுதினது."

"நல்லாயிருக்கட்டும்" என்றாள் பத்மாதேவி. சத்தியா திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த அழைப்பை எடுத்துவிட்டாள்.

ஐந்துக்கு ஏழெட்டு நிமிடம் இருக்கையில் எக்கநாயக்க வந்தார். நின்றபடியே கொஞ்ச நேரம் கேட்டார்.

"பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒரு முறைப்பாடும் இல்லை" என்றார். "கண் டொக்டர் கேட்கிறார், இந்த அம்மா மெஷினோடு சேர்த்து வருவாரா என்று."

பத்மாதேவி சிங்களத்தில் பதில் சொன்னாள். "மெஷினைக் கேளுங்கள் சேர். அதுதான் என்னைக் கூப்பிட்டது."

எக்கநாயக்கவின் மீசை அசைந்தது. "மிஸ் சத்தியா, நாளைக் காலை கடிதத்தோடு என் அறைக்கு வாருங்கள். ஐந்து மணிக்கு இதை நிறுத்திவிட்டு, ஒழுங்கான இடத்தில், பூட்டுள்ள அலுமாரிக்குள் வையுங்கள். ராத்திரிக்குள் திரும்ப ஓடவேண்டும்."

அவர் போனதும் பஹ்மி கையைத் தூக்கினான். சத்தியா அவன் உள்ளங்கையில் ஓங்கி அடித்தாள். சரிவந்துவிட்டது. அவளுடைய பெட்டி வேலை செய்து காட்டிவிட்டது. மாமாவுக்குச் சொல்லவேண்டிய வசனத்தைக் காலையிலிருந்து மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்கு ஒரு நிமிடம்.

மூன்றாவது லைன் மினுங்கியது. கனடா இலக்கம்.

அவள் மாமாவுக்கு இந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தாள், தன்னிடம் நேரே வர நான்கை அழுத்தும்படி சொல்லி. ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வணக்கம் சொன்னது. தமிழில் பேச இரண்டை அழுத்தச் சொன்னது. மறுமுனையில் யாரும் எதையும் அழுத்தவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. குரல் மறுபடி வணக்கம் சொன்னது. மறுபடியும் ஒன்றும் அழுத்தவில்லை.

மதியம் எழுதிய வரி தன் வேலையைச் செய்தது. பத்மாதேவியின் போன் அடித்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. பழக்கமாகிவிட்ட கையால் எடுத்தாள்.

"வணக்கம், வைத்தியசாலை. சொல்லுங்கோ."

"அக்காவோ?"

பத்மாதேவியின் பேனை தாளில் நின்றது.

"ஓம் தம்பி."

"நீ போன் எடுக்கிறேல்லையே."

"இண்டைக்கு எடுத்தன்."

சத்தியா பாதி எழும்பி, அப்படியே நின்றாள். அம்மாவின் கை, பொறு என்பதுபோல், மேசைக்கு மேலே விரிந்திருந்தது.

பஹ்மி வயரைப் பிடித்தபடி கிசுகிசுத்தான். "அஞ்சு மணி. நிப்பாட்டவா?"

சத்தியா விசைப்பலகைக்குக் குனிந்து, மெதுவாக நில் என்று அடித்தாள். திரையில் ஒரு வரி வந்தது. பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு ஒன்று.

"நல்லதாப் போச்சு, நீயே எடுத்தது" என்றார் மாமா. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "நான் வேலைக்கு வெளிக்கிட்டு நிக்கிறன் அக்கா. மண்டபக்காரனுக்கு இண்டைக்குச் சொல்லவேணும். ஓம்தானே? நான் சொல்லிவிடுறன். நேரம் போச்சு, வைக்கட்டே?"

"லைனை வெட்டாதை தம்பி."

கார் கிளம்பவில்லை.

பஹ்மி வயரை மெல்லக் கீழே வைத்தான். ஸ்பீக்கரின் பொத்தானைத் திருகி ஒலியை அடக்கினான். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினான். இனி சத்தியாவுக்குக் கேட்டது அம்மாவின் பக்கம் மட்டும்தான்.

"இதைத்தானே நீயும் அண்டைக்குக் கேட்டனீ. ரெண்டு தரம் கேட்டனீ. நான் வெட்டினன்."

பத்மாதேவி ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"இல்லை, நீ கதைக்காதை. மறந்திட்டன் எண்டு சொல்லாதை. நான் மறக்கேல்லை. சுப்பவைசர் நிண்டவர்தான். ஆனால் வயரை இழுத்தது என்ர கை. அதுக்குப் பிறகு நீ கேட்ட ஒண்டுக்கும் நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. விருப்பத்திலை இல்லை யோகன், பயத்திலை. நான் மாட்டன் எண்டு சொன்னால் திரும்பவும் உன்ரை லைனை வெட்டுறமாதிரி இருக்கும் எண்ட பயம். மூத்தவன் ராசனைப் பிளேன் ஏத்திவிட்ட அண்டைக்குக் கட்டுநாயக்காவிலையும் வாய் திறக்கேல்லை."

சத்தியா திரையைப் பார்த்தாள். அழைப்பு ஒன்று. பெட்டி காத்திருந்தது.

"ஓம், நல்ல பெடியன்தான். அதில்லை. இவளுக்கு விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. காலமை இவள் அதைச் சொல்லேக்கை நான் புட்டுப்பானையைப் பாத்துக்கொண்டு நிண்டன்."

பத்மாதேவி தலையைத் திருப்பினாள். அன்று முழுவதிலும் முதன்முறையாக மகளின் முகத்தை நேரே பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன. குரல் மட்டும் பலகைக்காரியின் குரலாக, ஒவ்வொரு சொல்லும் கடல் தாண்டிப் போய்ச் சேரும்படி தெளிவாக வந்தது.

"நான் உன்னட்டை இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை. இப்ப கேக்கிறன். சத்தியாவை மட்டும் என்னட்டை விடு தம்பி."